நாவில் வளர்ந்த தமிழ்: நடிகர் டி. கே. சண்முகத்தின் வாழ்வும் கலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழி, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்கிறது. பாறசாலைப் பக்கத்தில் அவ்வழியினின்று விலகிக் கடற்கரையை நோக்கிச் சென்றால், பொழியூர் என்னும் சிற்றூரை அடையலாம். ஆறோ காயலோ மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும் இடத்தைப் பொழி என்று அப்பகுதி மக்கள் கூறுவர். அதற்கு வடக்கே, பூவாறு என்னும் ஊருக்கு அருகில், நெய்யாறு கடலில் சேருகின்றது. பொழியூர் என்ற பெயரின் நடுவே நிற்கும் ழகரம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ஒலி. அந்த ஊரின் இயல்பையும் அவ்வெழுத்தே சொல்லிவிடுகிறது எனலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பொழியூரும் பாறசாலையும் அவ்வாறே கேரளத்தின் தென்கோடி ஊர்களாயின. ஆயினும், எல்லைக்கு இருபுறமும் கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. இரு மொழிகளையும் கேட்டு வளரும் வீடுகளும் அங்கே மறைந்துவிடவில்லை.

இத்தகைய நிலப்பகுதியிலே ஒரு மொழி எவ்வாறு தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றது? பள்ளிக்கூடம் ஒரு வழி. வழிபாட்டிடம் ஒரு வழி. வாணிகம் ஒரு வழி. இவற்றோடு நாம் பெரும்பாலும் நினைத்துப் பாராத நான்காவது வழி ஒன்றும் உண்டு. அது நாடகக் கொட்டகை. இதற்குச் சான்றாக விளங்கும் ஒரு கலைஞரின் வாழ்க்கையை, தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்தாம் அவ்வை சண்முகம் என்று தமிழ் மக்கள் அன்போடு அழைத்த டி. கே. சண்முகம்.

அவருடைய கதைக்குள் புகுமுன், இவ்வழியே நாடகம் நடந்து வந்த வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், தமிழ் இசை நாடகக் குழுக்கள் திருவாங்கூருக்கும் கொச்சிக்கும் சென்று நாடகங்கள் நடத்தின. இந்த வழியில் அன்று ரயில் கிடையாது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1979ஆம் ஆண்டில்தான். ஆகவே, திரைச்சீலைகளும் உடைப்பெட்டிகளும் ஆர்மோனியமும் சாலை வழியாகவே சென்றன. தமிழ்ப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த மலையாள மக்கள், தம் மொழியிலும் அத்தகைய நாடகம் வேண்டும் என்று விரும்பினர். 1892இல் டி. சி. அச்சுதமேனன் இயற்றிய சங்கீத நைஷதம் போன்ற மலையாள இசை நாடகங்கள் அவ்வாறு தோன்றியவை. ஒரு மொழியின் மேடை மற்றொரு மொழியின் மேடைக்கு விதையாயிற்று.

இந்தச் சூழலிலேதான், 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், திருவனந்தபுரத்தில் சண்முகம் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை மேடை நடிகர். பெண் வேடம் புனைந்து நடிப்பதில் பெயர் பெற்றவர். சங்கரன், முத்துசாமி ஆகியோர் சண்முகத்தின் தமையன்மார், பகவதி தம்பியார். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் இந்நால்வருமே.

1918ஆம் ஆண்டில், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். அக்குழுவில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. முதலில் அவர் ஏற்ற வேடம், சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் நாரதர் வேடம். பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்க வேண்டிய வயதில், அச்சிறுவர் மேடையிலே நின்று விருத்தம் பாடத் தொடங்கிவிட்டார்.

சிறுவர்களைக் கொண்டு நடத்திய இத்தகைய குழுக்களைப் பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் வழங்கினர். அவை ஏன் தோன்றின என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அக்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்ற முறை பெருவழக்காயிருந்தது. ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் நடிகர் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து ஒரே இரவில் கூடி நடிப்பர். ஒத்திகை என்பது இராது. ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசிக் கைதட்டல் பெறுவதிலேயே பொழுது போகும். கதை நடுவழியில் நின்றுவிடும். பெரிய நடிகர்களைக் கட்டுக்குள் கொண்டுவர இயலாது என்று கண்ட ஆசிரியர்கள், இளம் பிள்ளைகளுக்கு முறையாகப் பாடம் சொல்லிக் கொடுத்து நாடகம் நடத்த முற்பட்டனர்.

கம்பெனி வாழ்க்கை எளிதானதன்று. பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் செல்லுதல் வேண்டும். இரவெல்லாம் நாடகம், பகலில் சிறிது உறக்கம், பிறகு பாட்டும் வசனமும் ஒத்திகையும். ஒலிபெருக்கி பரவாத காலமாதலால், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு குரலை எழுப்பிப் பாட வேண்டும். இவ்வளவும் செய்து வளர்ந்த பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு என்னும் தடை வந்து குறுக்கிடும். குரல் உடைந்து, பாட்டு எழாத பருவம் அது. அந்தப் பருவத்தைத் தாண்ட இயலாமல், கல்வியும் இன்றிக் கலையும் இன்றி நின்றுவிட்ட சிறுவர்கள் பலர். உணவும் உறைவிடமும் கிடைக்கும் என்பதற்காகவே வறிய குடும்பத்தார் தம் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்ட காலத்தில், அதன் விலையைக் கொடுத்தவர்கள் அப்பிள்ளைகளே. இந்த உண்மையை மறைத்துவிட்டுப் பழைய நாடகத்தின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும், நல்ல ஆசிரியர் வாய்த்த இடத்தில் அக்கம்பெனியே கல்விக் கூடமாகவும் விளங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவர். வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் உரைநடையும் கலந்து அவர் நாடகம் எழுதினார். அப்பாடங்களை நெட்டுருச் செய்த பிள்ளைகள், இலக்கண நூலைத் தொடாமலே சந்தி பிரித்துச் சொல்லவும், லகர ளகர ழகர வேறுபாடு விளங்க ஒலிக்கவும் கற்றனர். சொல்லை விழுங்கினால் பாட்டின் பொருள் கெடும். பொருள் கெட்டால் சபையோர் முகம் மாறும். அடுத்த நாளே திருத்திக்கொள்ள வேண்டிய இந்தத் தேர்வைப் போலக் கடுமையான தேர்வு வேறு எந்தப் பள்ளியிலும் இல்லை. சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. 1922ஆம் ஆண்டு நவம்பரில் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். அவரிடம் சண்முகம் பயின்றது நான்கு ஆண்டுகள் மட்டுமே; ஆனால், வாழ்நாள் முழுவதும் அவரையே தம் ஆசானாகப் போற்றினார். சுவாமிகளைப் பற்றித் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்ற நூலும் எழுதினார்.

1925ஆம் ஆண்டில் சகோதரர்கள் தாமே ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். அது தொடங்கிய இடம் தாம் பிறந்த திருவனந்தபுரமே. அப்போது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது. ஒரு தமிழ் நாடகக் குழு, பின்னாளில் தமிழ் நாட்டு மேடைக்கே வழிகாட்டியாக விளங்கிய குழு, தமிழ் நாட்டு எல்லைக்கு வெளியே தன் முதல் திரையைத் தூக்கிற்று என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன் இக்குழுவிலேதான் வளர்ந்தார். எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி, ஏ. பி. நாகராஜன், எஸ். எஸ். ராஜேந்திரன் முதலியோரும் இம்மேடையில் பயின்றவர்களே.

இக்குழுவின் வளர்ச்சியில் ஒரு திருப்பத்தைக் குறிப்பிட வேண்டும். புராணக் கதைகளையே மீண்டும் மீண்டும் ஆடிவந்த மேடையில், தம் காலத்து மக்களின் வாழ்க்கையும் இடம்பெற வேண்டும் என்ற எண்ணம் பரவிய காலம் அது. எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்து, ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கித் தந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகாவும் மேடையேறிற்று. ராஜபார்ட் நடிகர் கிரீடத்தைக் கழற்றிவிட்டுச் சட்டையும் வேட்டியும் அணிந்து, பாட்டைக் குறைத்து, வீட்டில் பேசுவதுபோல் பேச வேண்டியதாயிற்று. பாட்டுக்காகவே நாடகம் பார்க்க வந்த மக்கள் இதனை ஏற்பார்களா என்பது பெருங்கேள்வி. ஒரு நாடகம் தோற்றால் குழுவிலுள்ள அனைவருடைய அன்றாட உணவும் கேள்விக்குரியதாகும். அத்தகைய நிலையில் இந்த மாற்றத்தைத் துணிந்து செய்தது சகோதரர்களின் பெருமை.

மேனகா 1935ஆம் ஆண்டில் பேசும் படமாகவும் வெளிவந்தது. பம்பாய்ப் படவுலகில் பெயர் பெற்ற தமிழரான பி. கே. ராஜா சாண்டோ அதனை இயக்கினார். என். எஸ். கிருஷ்ணன் திரையில் முதன்முதலாக மக்களுக்கு அறிமுகமானதும் அப்படத்தின் வாயிலாகவே. பின்னர், வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் கதையைத் தழுவிய குமாஸ்தாவின் மகள் நாடகமாகி, 1941இல் படமாயிற்று. முன்ஷி பரமுபிள்ளையின் மலையாள நாடகத்தைத் தழுவி மனிதன் மேடையேறி, 1953இல் திரைக்கு வந்தது. தமிழ் நாடகம் ஒரு காலத்தில் தெற்கு வழியாக மலையாளத்துக்குச் சென்றது என்று முன்னர்க் கூறினோம். இப்போது மலையாள நாடகம் அதே வழியாகத் தமிழுக்கு வந்தது. எல்லையில் பிறந்தவர்க்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் இயல்பாகவே கைவந்தது போலும்.

சண்முகத்துக்கு அழியாப் புகழ் தந்த வேடம் அவ்வையார். ஆண்மகன் ஒருவர், தம் நடுவயதிலேயே, கூன் விழுந்த மூதாட்டியாக மேடையில் தோன்றி, கோலூன்றி நடந்து, மன்னருக்கும் எளியோருக்கும் தமிழால் அறிவுரை கூறினார். பெண் வேடத்தில் புகழ்பெற்ற தந்தையின் மைந்தர் அவர் என்பதை நாம் அறிவோம். ஆனால், தந்தையார் காலத்துப் பெண் வேடம் அழகையும் இளமையையும் நம்பியது; மைந்தரின் வேடமோ முதுமையையும் சொல்லையும் நம்பியது. பார்த்தவர்கள் நடிகரை மறந்து அவ்வையையே கண்டனர். அன்று முதல் அவ்வை என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நேயர்கள் ஒன்றை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்: 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட அவ்வையார் படத்தில் நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், சண்முகத்தின் அவ்வை மேடைக்கு உரியவர்.

அடுத்து, வானொலி நேயர்களுக்குச் சிறப்பாக உரிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஏ. எஸ். ஏ. சாமி எழுதிய பில்ஹணன் முதலில் திருச்சி வானொலியில் ஒலித்த நாடகம். கண்ணால் காணாது காதால் மட்டும் கேட்ட மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். சகோதரர்கள் அதனை மேடைக்குக் கொண்டுவந்தனர். 1948இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. அப்படத்தில் மகாகவி பாரதியாரின் பாடல் ஒன்று இடம்பெற்றது. அங்கேதான் வழக்குப் பிறந்தது.

பாரதியார் 1921இல் மறைந்தபின், அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை விலைக்குக் கைமாறி, இறுதியில் படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனாரிடம் சேர்ந்திருந்தது. சட்டப்படி அவ்வுரிமை அவருடையது. எனவே, பில்ஹணன் படத்தில் பாடலைப் பயன்படுத்தியதை அவர் தரப்பில் எதிர்த்தனர். சண்முகம் பணம் கொடுத்து விலகிக்கொள்ள முற்படவில்லை. நாட்டு விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாட்டு நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது என்ற நிலையில் உறுதியாக நின்று வழக்கை எதிர்கொண்டார். இதற்கிடையே, பாரதி பாடல்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் அறிஞர்களும் எழுப்பிய குரல் வலுப்பெற்றது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதி பாடல்களின் உரிமையை ஏற்றது. மெய்யப்பனாரும் தம்மிடம் இருந்த உரிமையை விலை பெறாமலே அரசிடம் ஒப்படைத்தார். பின்னர் அப்பாடல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. இன்று தில்லியில் ஒரு தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளோ, மும்பையில் தாராவிப் பள்ளிப் பிள்ளைகளோ யாரிடமும் அனுமதி கேளாமல் பாரதி பாடலைப் பாடுகிறார்கள் என்றால், அந்த உரிமைக்காக நின்றவர்களுள் நாடக நடிகர் ஒருவரும் இருந்தார் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

நடிகனைக் கூத்தாடி என்று இழித்துப் பேசிய காலம் அது. அந்த இழிவைத் துடைப்பதைச் சண்முகம் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்தார். அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன் போன்ற வரலாற்று நாடகங்களைப் பெரும் பொருட்செலவில் மேடையேற்றினர் சகோதரர்கள். ஸ்ரீதர் என்னும் இளைஞர் எழுதிய ரத்தபாசம் நாடகத்தை ஏற்று நடித்து, 1954இல் படமாகவும் கொணர்ந்தனர். அந்த இளைஞரே பின்னர்ப் புகழ்பெற்ற இயக்குநர் சி. வி. ஸ்ரீதர்.

திரையில் சண்முகம் மிகுதியாக நடிக்கவில்லை. படத்தில் கிடைக்கும் பொருளையும் புகழையும் அறிந்தும், மேடையைவிட்டு அகல அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும், 1961இல் பி. ஆர். பந்துலு இயக்கிய கப்பலோட்டிய தமிழன் படத்தில் அவர் ஏற்ற சுப்பிரமணிய சிவா வேடத்தை மறக்க இயலாது. வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்தார். சிறையில் தொழுநோய் பற்றி உடல் நலிந்தும் குரல் நலியாத வீரராகச் சிவாவைச் சண்முகம் நம் கண்முன் நிறுத்தினார். அந்தச் சிவாவும் ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் தங்கி நாட்டுப்பற்றை ஊட்டும் பேச்சுக்கள் நிகழ்த்தி, 1907இல் திருவாங்கூர் அரசால் வெளியேற்றப்பட்டவர் என்பது இங்கே கருதத்தக்கது. நடிகர் பிறந்த ஊரும், அவர் ஏற்ற வேடத்துக்குரியவர் முழங்கிய ஊரும் ஒன்றாயின.

சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. எனது நாடக வாழ்க்கை என்ற பெயரில் அவர் எழுதிய தன்வரலாறு, தமிழ் நாடகத்தின் அரை நூற்றாண்டு வரலாறாகவே விளங்குகின்றது. பள்ளிப் படிப்பைத் தொடர இயலாத சிறுவர், தெளிந்த தமிழ் உரைநடை எழுதும் ஆசிரியரானார். 1973ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய மேடையில் வாழ்ந்த ராஜராஜ சோழன், அவரிடம் பயின்ற ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக அதே ஆண்டில் வெளிவந்தது. சென்னையில் லாயிட்ஸ் சாலை என்றிருந்த பெருந்தெரு இன்று அவ்வை சண்முகம் சாலை என வழங்குகிறது. சிறுவயதில் அவருடைய நாடக சபையில் பயிற்சி பெற்ற கமல்ஹாசன், ஆண்மகன் ஒருவன் மூதாட்டி வேடம் புனையும் கதைக்கு 1996இல் அவ்வை சண்முகி என்று பெயர் சூட்டியதும் அந்த நினைவினாலேயே.

இவ்வாழ்க்கையிலிருந்து, தாய்நாட்டைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் குடும்பத்தார் அறியக்கூடியது யாது? நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியோ, கன்னடமோ, இந்தியோ, வங்காளமோ பயில்கிறார்கள். அது அவர்களுக்கு வேண்டுவதே. தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்க நேரம் இல்லை, ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் வருந்துகின்றனர். திருவனந்தபுரத்தில் பிறந்த அச்சிறுவருக்கும் தமிழ் முதலில் நாவின் வழியாகவும் செவியின் வழியாகவுமே வந்தது. எழுத்து பின்னர் வந்தது. பொங்கலுக்கோ ஆண்டு விழாவுக்கோ பத்துப் பிள்ளைகளைக் கூட்டி, அரைமணி நேர நாடகம் ஒன்றை ஒரு மாதம் ஒத்திகை பார்த்து நடிக்கச் செய்தால், அந்த ஒரு மாதத்தில் அவர்கள் நாவில் ஏறும் சொற்கள் எளிதில் மறக்கமாட்டா. அதற்குப் பெரிய மேடை வேண்டுவதில்லை. பெற்றோரைப் பிரிந்து கம்பெனியில் துன்புற வேண்டியதும் இன்று இல்லை. சொல்லைத் திருத்திக் கொடுக்கப் பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும், கேட்டு மகிழ அக்கம்பக்கத்தாரும் இருந்தாற் போதும்.

பொழியூரிலும் பாறசாலையிலும் வாழும் மக்கள் ஒரு மொழியைக் காப்பதற்காக மற்றொரு மொழியைப் பகைத்ததில்லை. சண்முகமும் மலையாளக் கதையைத் தமிழில் நடித்தார். வங்கக் கதையையும் தமிழாக்கி நடித்தார். பிற மொழியை மதித்து வாழ்ந்துகொண்டே தம் மொழியைத் தெளிவாக ஒலிக்கக் கற்றுக்கொண்டார். வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இவ்விரண்டும் ஒருங்கே கைகூடும்; தொடங்கி வைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.